ருஸ்தம் படத்தில் காட்டியது எவ்வளவு உண்மை? நானாவதி வழக்கைப் பற்றி ஒரு பதில்

திருகோணமலை உவர்மலையில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: “வீட்டில் எல்லோரும் இருந்து ‘ருஸ்தம்’ பார்த்தோம். உண்மைச் சம்பவத்தைத் தழுவியது என்று போட்டார்கள். அந்தக் கடற்படை அதிகாரி உண்மையிலேயே விடுதலையானாரா? மனைவிக்கு என்ன நடந்தது? அந்த மற்ற ஆள் அவ்வளவு கெட்டவனா? இதே சம்பவம் நம்ம ஊரில் நடந்திருந்தால் சட்டம் என்ன சொல்லும்?”

நல்ல கேள்விகள். முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜூரிகள், அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லத் தெரிவான பொதுமக்கள், அவரை விடுதலை செய்தது உண்மை. ஆனால் அந்த விடுதலை நிற்கவில்லை. மேல் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டு ஆயுள் தண்டனை கொடுத்தது, உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பிறகு ஆளுநர் மன்னித்தார். மனைவி அவரை விட்டுப் போகவில்லை. மற்ற ஆள் நாட்டைக் காட்டிக்கொடுத்தவன் என்பதற்கு வழக்கில் ஒரு வரி ஆதாரம்கூடக் கிடையாது. அது படத்துக்காகச் சேர்த்தது. எனக்கு இந்தப் படத்தோடு இருக்கிற பெரிய மனவருத்தமும் அதுதான். அதை ஆறுதலாகச் சொல்கிறேன்.

படம் 2016 ஓகஸ்டில் வந்தது. டினு சுரேஷ் தேசாய் இயக்கம், அக்ஷய் குமார், இலியானா. அந்த வேடத்துக்காக அக்ஷய் குமாருக்கு தேசிய விருதும் கிடைத்தது. அதற்கு அடிப்படையான வழக்கு 1959இல் பம்பாயில் நடந்தது. கொமாண்டர் கவாஸ் மானெக்ஷா நானாவதி இந்தியக் கடற்படையில் ‘ஐ.என்.எஸ். மைசூர்’ என்ற கப்பலில் இரண்டாம் நிலை அதிகாரி. பார்சிக்காரர். மனைவி சில்வியா ஆங்கிலேயப் பெண். 1949இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் பதிவுத் திருமணம். மூன்று பிள்ளைகள். பம்பாயில் நண்பர்கள் மூலம் 1956 அளவில் பிரேம் அகூஜா அறிமுகமாகிறார். மோட்டார் வாகன வியாபாரி, சிந்திக்காரர், இறந்தபோது முப்பத்துநான்கு வயது, திருமணமாகாதவர், தங்கையோடு இருந்தவர். நானாவதி மாதக்கணக்கில் கடலில் இருந்த காலத்தில் சில்வியாவுக்கும் அகூஜாவுக்கும் உறவு உண்டானது.

இந்த இடத்தில் திருகோணமலைக்காரர்களுக்கு ஒரு சங்கதி சொல்ல வேண்டும். அந்த மைசூர் கப்பல் நமக்கு அந்நியமில்லை. இந்தியா வாங்குவதற்கு முன் அதன் பெயர் ‘எச்.எம்.எஸ். நைஜீரியா’. இரண்டாம் உலக யுத்தத்தில் பிரித்தானியரின் கிழக்குக் கடற்படை நம்ம துறைமுகத்தைத் தளமாக வைத்திருந்தபோது அந்தக் கப்பலும் இங்கே நின்றது. 1944 ஜூலையில் சுமாத்திராப் பக்கம் சபாங் மீது குண்டு போடப் போன அணியில் அதுவும் ஒன்று. 1957இல் பிரித்தானியர் டொக்யார்டை, அதாவது இங்கிருந்த கடற்படைக் கப்பல் தளத்தை, நம்ம அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டுப் போன அதே வருடம்தான் நைஜீரியா ‘மைசூர்’ என்று பெயர் மாறி இந்தியக் கொடியோடு புறப்பட்டது. கப்பற்காரரின் வீடு எப்படி இருக்கும், ஆறு மாதம் அப்பா இல்லாத வீட்டில் கடிதத்துக்கு எப்படிக் காத்திருப்பார்கள் என்பது டொக்யார்டில் வேலை செய்த குடும்பங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்தக் கதையின் வேர் அந்தத் தனிமையில்தான் இருக்கிறது. படமும் அதைத் தொடுகிறது, ஆனால் தொட்டுவிட்டு ஓடிவிடுகிறது.

சரி, 1959 ஏப்ரல் 27ஆம் திகதிக்கு வருவோம். படத்தில் ருஸ்தம் சொல்லாமல் கொள்ளாமல் ஊர் திரும்பி, மனைவி வீட்டில் இல்லாததைக் கண்டு, அலுமாரியில் கடிதங்களை எடுத்து, பின்னாலே போய்ப் பார்க்கிறான். உண்மையில் அப்படி எதுவும் நடக்கவில்லை. நானாவதி ஏற்கெனவே வீட்டில்தான் இருந்தார். அன்று காலை கணவனும் மனைவியும் சுகமில்லாத நாயை மிருக வைத்தியசாலைக்குக் கொண்டு போனார்கள். வருகிற வழியில் சில்வியாவும் பிள்ளைகளும் பின்னேரக் காட்சி பார்க்க மெட்ரோ தியேட்டரில் டிக்கெட் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து மத்தியானச் சாப்பாட்டுக்குக் காத்திருக்கும்போது அவர் மனைவியின் தோளில் கை போட்டார். அவள் உடம்பு விறைத்தது. சாப்பிட்ட பிறகு அவர் கேட்டார், எனக்கு உண்மையாக இருந்தாயா என்று. அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் சம்பவ விவரத்திலேயே இது வருகிறது. எந்தத் திரைக்கதாசிரியரும் இதைவிடக் கனமான ஒரு காட்சியை எழுத முடியாது என்று நான் நினைக்கிறேன். கத்தல் இல்லை, கடிதக்கட்டு இல்லை. சாப்பாட்டுக்கும் படத்துக்கும் இடைப்பட்ட ஒரு சாதாரண மத்தியானம்.

அதன் பிறகு நடந்ததுதான் வழக்கின் உயிர்நாடி. அவர் கோபத்தில் எழுந்து, அவனோடு கணக்குத் தீர்க்கப் போகிறேன் என்றார். மனைவி கெஞ்சினாள். தன்னைத்தானே சுட்டுக்கொள்வேன் என்றார். அவள் சமாதானப்படுத்தினாள். பின்னர் மனைவியையும் பிள்ளைகளையும் காரில் ஏற்றிக் கொண்டுபோய்த் தியேட்டரில் இறக்கிவிட்டார். படம் முடிய வந்து கூட்டிக்கொண்டு போவதாகவும் சொன்னார். நேரே கப்பலுக்குப் போனார். இரவில் தனியாக அகமத்நகருக்குக் கார் ஓட்டிப் போகிறேன், பாதுகாப்புக்கு வேண்டும் என்று பொய்க் காரணம் சொல்லி ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் எடுத்தார். அதை ஒரு மண்ணிற உறைக்குள் போட்டுக்கொண்டார். அகூஜாவின் அலுவலகத்துக்குப் போனார், ஆள் இல்லை. வீட்டுக்குப் போனார். வேலைக்காரர் கதவைத் திறக்க, நேரே படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அகூஜா அப்போதுதான் குளித்துவிட்டு இடுப்பில் துவாயோடு நின்றார். நேரம் மாலை 4.20.

அறைக்குள் என்ன நடந்தது என்பதற்குக் கண்கண்ட சாட்சி கிடையாது. நானாவதி தரப்புச் சொன்னது இது: சில்வியாவைக் கலியாணம் செய்து பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வாயா என்று கேட்டேன். நான் படுக்கிற ஒவ்வொரு பெண்ணையும் கட்டவேண்டுமா என்று அவன் திருப்பிக் கேட்டான். உறையைப் பக்கத்தில் வைத்துவிட்டு அடிக்கப் போனேன். அவன் உறையைப் பிடுங்கப் பார்த்தான். இழுபறியில் துவக்கு தானாக வெடித்தது.

அரச தரப்பு ஒரே ஒரு சாமானைக் காட்டிக் கேட்டது: துவாய். இரண்டு வளர்ந்த ஆண்கள் துவக்குக்காக மல்லுக்கட்டியிருந்தால் இடுப்பில் சொருகிய ஒரு துவாய் எப்படி அவிழாமல் நிற்கும்? பிரேதத்தில் அது அப்படியே இருந்தது. வழக்கு நடந்த நாட்களில் பம்பாய்த் தெருவில் ‘அகூஜா துவாய்’ என்றும் ‘நானாவதி ரிவால்வர்’ விளையாட்டுத் துவக்கு என்றும் விற்றார்கள். ஒரு மனிதன் செத்த கோலத்தைக் கூவி விற்ற அந்தக் காலத்தை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பொறுக்காது.

துவாயைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. சுட்ட பிறகு நானாவதி ஓடவில்லை, ஒளிக்கவில்லை. கீழே வந்தவரை அந்தக் கட்டடத்தின் காவலாளி மறித்தபோது, என் மனைவியோடு தொடர்பு வைத்திருந்தான், அதனால் கொன்றேன் என்றுதான் சொன்னார். பிறகு கடற்படைக் காவல் அதிகாரியின் வீட்டுக்குப் போனார். அவர் சொல்லித் துணைப் பொலிஸ் ஆணையாளர் ஜோன் லோபோவிடம் சரணடைந்தார். இந்த மூன்று பேரில் ஒருவரிடமாவது “தவறுதலாக வெடித்துவிட்டது” என்று அவர் சொல்லவில்லை. உச்ச நீதிமன்றம் இதைக் குறிப்பாக எடுத்துக் காட்டுகிறது. கப்பலில் பொய் சொல்லித் துவக்கு எடுத்தவர்தான், ஆனாலும் சுட்டவுடன் அவருக்குப் பொய் பேச வரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. முதலில் வந்தது உண்மை, விபத்துக் கதை வழக்காடு மன்றத்துக்கு வந்த பிறகு வளர்ந்தது.

இப்போது படத்துக்கு வருகிறேன். திருகோணமலையில் கடற்படையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சீருடையிலேயே குழப்பம் தெரியும். பிற்காலத்தில் உண்டாக்கப்பட்ட பதக்கங்களை 1959ஆம் ஆண்டு அதிகாரியின் நெஞ்சில் குத்தியிருக்கிறார்கள் என்று இந்தியாவில் ஓய்வுபெற்ற படையினர் அப்போதே குறை சொன்னார்கள். இதெல்லாம் சின்ன விஷயம், விட்டுவிடலாம். கதாநாயகன் தானே தன் வழக்கை வாதாடுகிறான். உண்மையில் வாதாடியவர் கார்ல் கண்டாலாவாலா. அதையும் படத்துக்காக மன்னிக்கலாம். தன் வாயாலே பேசினால்தான் நடிகனுக்கு வேலை.

மன்னிக்க முடியாதது விமானந்தாங்கிக் கப்பல் ஊழல். படத்தில் செத்தவன் ஒரு ஆயுதபேரக் கும்பலின் கூட்டாளி. கதாநாயகன் அதற்கு உடன்படாததால் பழிவாங்கத்தான் அவன் மனைவியை வளைத்துப் போடுகிறான். அப்படியானால் சுட்டது துரோகத்துக்குத் தண்டனை, நாட்டுக்குச் செய்த சேவை. நானாவதி வழக்கில் இதற்கு இம்மியளவும் இடமில்லை. இந்தியா அந்தக் காலத்தில் ஒரு விமானந்தாங்கிக் கப்பல் வாங்கியது உண்மைதான், ‘விக்ராந்த்’. அதற்கும் அகூஜாவுக்கும் முடிச்சுப் போட்டது கதாசிரியரின் கற்பனை.

ஏன் போட்டார்கள்? காதல் படத்தில் நாயகன் கொலைகாரனாக இருந்தால் பார்ப்பவர்கள் அழமாட்டார்கள். அவன் நல்லவனாக இருக்க வேண்டும். மனைவியும் முழுக்கக் கெட்டவளாக இருக்கக் கூடாது, ஏனென்றால் கடைசியில் இருவரும் சேர வேண்டும். எஞ்சியிருப்பவர் ஒரே ஆள், செத்தவர். அவர் எழுந்து வந்து மறுத்துப் பேசப் போவதில்லை. ஆகவே எல்லாப் பாவத்தையும் அவர் தலையில் கட்டுவது சுலபம். போதாததற்கு அவருடைய தங்கையையும் படத்தில் சிகரெட்டும் கையுமாக வில்லியாக்கியிருக்கிறார்கள். நிஜத்தில் அந்தத் தங்கை மாமி அகூஜா (மாமி என்பது அவருடைய பெயர்) அந்தக் கொலை நடந்த வீட்டிலேயே இருந்தவர். அண்ணனின் பிரேதத்தைப் பார்த்தவர். வழக்கைக் கைவிடாமல் நடத்தியவர். அரச தரப்புக்கு உதவியாக அவர் அமர்த்திய இளம் சட்டத்தரணிதான் பிற்காலத்தில் இந்தியா முழுக்கப் பெயர் எடுத்த ராம் ஜேத்மலானி. அந்தப் பெண்ணின் துயரத்துக்கு இரண்டரை மணி நேரப் படத்தில் ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை.

அகூஜா நல்லவர் என்று நான் வாதாட வரவில்லை. சில்வியா அவருக்கு எழுதிய கடிதங்கள் மன்றத்தில் வாசிக்கப்பட்டன. 1958இல் எழுதிய ஒன்றில், நீ கட்டக்கூடிய வேறு பெண்களைப் பற்றி நேற்றிரவு பேசியபோது எனக்குள்ளே ஏதோ முறிந்துவிட்டது என்ற கருத்தில் எழுதியிருக்கிறாள். அவள் விவாகரத்துப் பெற்று அவரைக் கட்ட நினைத்திருந்தாள், அவர் நழுவிக்கொண்டிருந்தார் என்பது அந்தக் கடிதங்களில் தெளிவாகத் தெரிகிறது. ஏமாற்றினார் என்று சொல்லலாம். ஆனால் அதற்குத் தண்டனை மூன்று தோட்டாவா?

சில்வியாவையும் படம் சின்னதாக்கிவிட்டது. அங்கே அவள் ஒருவனுடைய சூழ்ச்சியில் விழுந்த அப்பாவி. நிஜத்தில் அவள் விரும்பித்தான் போனாள், மனம் உடைந்துதான் திரும்பினாள். அப்புறம் கணவனுக்காகச் சாட்சிக் கூண்டில் ஏறி, ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, தன் உறவைத் தன் வாயாலேயே சொன்னாள். 1959இல், தன் நாடும் இல்லாத ஒரு நாட்டில், மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு. இந்தக் கதையில் நிஜமான காதல் காட்சி எது என்று என்னைக் கேட்டால், அந்தச் சாட்சிக் கூண்டைத்தான் காட்டுவேன்.

இனி வழக்கு போன பாதை. பம்பாய் செஷன்ஸ் நீதிமன்றத்தில் ஒன்பது ஜூரிகள். எட்டுக்கு ஒன்று, குற்றவாளி இல்லை. நீதிபதி ஆர்.பி. மேத்தா அதை ஏற்கவில்லை. நியாயமான எந்த ஜூரியும் இந்தச் சாட்சியத்தில் இந்த முடிவுக்கு வர முடியாது என்று சொல்லி மேல் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அன்றைய இந்தியச் சட்டத்தில் அதற்கு இடமிருந்தது. 1960 மார்ச் 11இல் மேல் நீதிமன்றம் கொலைக் குற்றவாளி என்று தீர்த்து ஆயுள் தண்டனை விதித்தது. அதே நாளில் ஆளுநர் ஸ்ரீபிரகாசா தண்டனையை நிறுத்திவைத்து, உச்ச நீதிமன்ற மேன்முறையீடு முடியும்வரை கடற்படைக் காவலில் இருக்கட்டும் என்று உத்தரவிட்டார். மேன்முறையீடு உச்ச நீதிமன்றத்தின் முன் இருக்கும்போது ஆளுநர் அப்படி நிறுத்திவைக்க முடியுமா என்பதே தனி வழக்காகிப் போனது. கடைசியில் 1961 நவம்பர் 24இல் நீதியரசர் சுப்பா ராவ் எழுதிய தீர்ப்போடு உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது.

இதற்கிடையில் வெளியே ஒரு தனி வழக்கு நடந்தது. ஆர்.கே. கராஞ்சியாவின் ‘பிளிட்ஸ்’ வாரப் பத்திரிகை முழுக்க முழுக்க நானாவதி பக்கம் நின்றது. இருபத்தைந்து பைசாப் பத்திரிகை இரண்டு ரூபாய்க்குக் கைமாறியது என்பார்கள். படத்தில் வரும் பார்சிப் பத்திரிகை ஆசிரியர் பாத்திரம் இவரைப் பார்த்துச் செய்ததுதான். பார்சிகள் ஒரு பக்கம், சிந்திகள் ஒரு பக்கம் என்று பம்பாய் பிரிந்தது. 1964இல் மகாராஷ்டிர ஆளுநர் விஜயலட்சுமி பண்டிட் நானாவதிக்கு மன்னிப்பு வழங்கினார். கூடவே பாய் பிரதாப் என்ற சிந்தி வியாபாரிக்கும் மன்னிப்பு. இரண்டு சமூகத்தையும் சமாளிக்கச் செய்த ஏற்பாடு அது. மன்னிப்புக்கு மாமி அகூஜாவும் எழுத்தில் சம்மதம் கொடுத்தார். 1968இல் நானாவதி குடும்பம் கனடாவுக்குப் போனது. அவர் 2003இல் அங்கேயே காலமானார்.

சட்டத்தில் இந்த வழக்கு ஏன் இன்னும் படிப்பிக்கப்படுகிறது? காரணம் அந்த இடைவெளி. வீட்டை விட்டுப் புறப்பட்டது 1.30 மணி என்றும் சுட்டது 4.20 என்றும் நீதிமன்றம் கணக்கெடுத்தது. கடுமையானதும் சடுதியானதுமான ஆத்திரமூட்டலால் தன்கட்டுப்பாட்டை இழந்து கொன்றால் அது கொலைக் குற்றமாகாது, அதைவிடக் குறைந்த குற்றம். அதற்குத்தான் நானாவதி தரப்பு முயன்றது. ஆத்திரம் கடுமையானது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மனைவியிடமிருந்து அந்தப் பதில் கிடைத்த எந்த ஆணும் துடிப்பான். ஆனால் ‘சடுதி’ எங்கே? பிள்ளைகளைத் தியேட்டரில் இறக்கும் அளவுக்கு நிதானம். பொய்க் காரணம் சொல்லித் துவக்கு வாங்கும் அளவுக்கு யோசனை. அலுவலகத்தில் இல்லை என்றதும் வீட்டுக்குப் போகும் அளவுக்குத் தெளிவு. கொதித்த இரத்தம் ஆறுவதற்கு நேரம் கிடைத்துவிட்டது என்றார் சுப்பா ராவ்.

அதே தீர்ப்பில் அவர் எழுதிய சோதனை மிகவும் நியாயமானது என்பது என் அபிப்பிராயம். எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், சமூகத்தைச் சேர்ந்த, நியாயமான ஒரு மனிதன் அதே நிலையில் நின்றிருந்தால் தன்கட்டுப்பாட்டை இழந்திருப்பானா என்று பார்க்க வேண்டும். வெறும் வார்த்தையோ சைகையோகூட ஆத்திரமூட்டலாகலாம். செத்தவர் முன்பு செய்த காரியங்கள் எதிரியின் மனதில் உண்டாக்கிய பின்னணியையும் கணக்கில் எடுக்கலாம். ஆனால் அந்த அடி அந்த ஆத்திரத்திலிருந்தே நேரடியாக வந்திருக்க வேண்டும். இவ்வளவு விரிவாக வாசலைத் திறந்து வைத்த பிறகும் நானாவதியால் அதற்குள் நுழைய முடியவில்லை.

சரி, தங்கச்சியின் கடைசிக் கேள்வி. நம்ம ஊரில் நடந்திருந்தால்? நம்முடைய தண்டனைச் சட்டக்கோவை 1883இல் வந்தது, இந்தியாவின் 1860ஆம் ஆண்டுச் சட்டத்தை முன்மாதிரியாக வைத்து. கொலை பற்றிய 294ஆம் பிரிவின் முதலாவது விதிவிலக்கில் ஆத்திரமூட்டல் பற்றி அநேகமாக அதே வசனங்கள் இருக்கின்றன. ஆகவே இங்கேயும் கேள்வி அந்த மூன்று மணித்தியாலத்தில்தான் வந்து நிற்கும். ஒரு வித்தியாசம், நம்ம நீதிமன்றங்கள் காலப்போக்கில் தொடர்ச்சியாகச் சேர்ந்து வந்த ஆத்திரமூட்டலையும் கவனிக்கத் தொடங்கியிருக்கின்றன. வருடக்கணக்கில் அடிபட்ட மனைவி ஒருநாள் திருப்பி அடித்தால், அந்த ஒரு நாளை மட்டும் பார்க்காமல் முழுக் கதையையும் பார்க்கலாம். நானாவதிக்கு அது உதவியிருக்காது, ஏனென்றால் அவருக்கு விஷயம் தெரிந்ததே அன்று மத்தியானம்தான். கொலை என்று தீர்ந்தால் 296ஆம் பிரிவில் மரண தண்டனை. 1976க்குப் பிறகு இங்கே யாரையும் தூக்கிலிடவில்லை என்றாலும், சட்டப் புத்தகத்தில் அந்தத் தண்டனை அப்படியேதான் இருக்கிறது.

பெரிய வித்தியாசம் ஜூரி. நானாவதி வழக்கோடு இந்தியாவில் ஜூரி முறை ஒழிந்தது என்று எல்லா இடத்திலும் எழுதுவார்கள். அது முழு உண்மையில்லை. சட்ட ஆணைக்குழு 1958இலேயே ஜூரி முறையை விட்டுவிடலாம் என்று சிபாரிசு செய்துவிட்டது. சில மாநிலங்களில் அந்த முறை இந்த வழக்குக்குப் பிறகும் ஓடியது. 1973ஆம் ஆண்டின் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடுதான் முற்றாகப் போனது. ஆனால் இலங்கையில் அது போகவேயில்லை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி மேல் நீதிமன்றத்தில் எதிரி இன்னமும் ஜூரி விசாரணை கேட்கலாம். ஏழு பேர். குறைந்தது ஐந்துக்கு இரண்டு என்றாவது முடிவு வர வேண்டும். எந்த மொழி பேசும் ஜூரி வேண்டும் என்பதையும் எதிரி தெரிவு செய்யலாம்.

திருகோணமலைக்காரருக்கு இது ஏட்டுச் சட்டம் அல்ல. மூதூர்ப் பக்கம் குமாரபுரத்தில் 1996 பெப்ரவரி 11இல் இருபதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள், பெண்களும் சிறுபிள்ளைகளுமாகக் கொல்லப்பட்டார்கள். வழக்கு நம்ம மாவட்டத்தில் இருந்து அனுராதபுரத்துக்கு மாற்றப்பட்டது. 2016 ஜூலையில் அங்கே ஏழு பேர் கொண்ட ஜூரி, எதிரிகளான ஆறு முன்னாள் இராணுவக் கோப்ரல்களையும் விடுதலை செய்தது. சாட்சி சொல்லக் கிளிவெட்டிப் பக்கமிருந்து அவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போன சனங்களின் முகத்தை நினைத்துக்கொண்டு ‘ருஸ்தம்’ படத்தின் கடைசிக் காட்சியைப் பாருங்கள். கூட்டம் கைதட்டுகிறது, ஜூரிகள் விடுதலை என்கிறார்கள், வாத்தியம் முழங்குகிறது. என்னால் அந்த இடத்தில் சேர்ந்து கைதட்ட முடியவில்லை. சீருடை போட்டவர்மேல் ஜூரிக்கு இருக்கும் பாசம் ஒரு தரப்புக்குக் கொண்டாட்டமாக இருக்கும்போது, இறந்தவரின் வீட்டார் அதே மண்டபத்தில் எங்கோ ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார்கள்.

ஜூரி என்றாலே அநியாயம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நம்ம நாட்டிலேயே எதிர் உதாரணம் இருக்கிறது, சதாசிவம் வழக்கு. இலங்கை கிரிக்கெட் அணித் தலைவராக இருந்த மகாதேவ சதாசிவத்தின் மனைவி 1951 ஒக்டோபரில் பம்பலப்பிட்டி வீட்டில் கொலையுண்டார். விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்த நேரம். ஊரே கணவன்தான் என்று முடிவு கட்டியிருந்தது. கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார், எடின்பரோவில் இருந்து சேர் சிட்னி ஸ்மித் வந்து மருத்துவச் சாட்சியம் சொன்னார். மரணம் நேர்ந்த நேரத்தைப் பற்றிய ஆதாரங்களை நாள்கணக்கில் கேட்டுவிட்டு 1953இல் ஜூரி அவரை ஏகமனதாக விடுதலை செய்தது. அங்கே ஜூரி ஊர்ப் பேச்சுக்கு எதிராக நின்றது. பம்பாயில் ஊர்ப் பேச்சோடு சேர்ந்து நின்றது.

இதே வழக்கை வைத்து இந்தியில் முன்பும் படங்கள் வந்திருக்கின்றன. 1963இல் சுனில் தத்தும் லீலா நாயுடுவும் நடித்த ‘யே ராஸ்தே ஹைன் பியார் கே’. அதில் கணவன் விடுதலையாகிறான், மனைவி கடைசியில் செத்துப் போகிறாள். அந்தக் காலத்துப் படம் அவளை உயிரோடு விடத் துணியவில்லை. 1973இல் குல்சார் எடுத்த ‘அச்சானக்’ இதிலிருந்து விலகித் தன் வழியில் போகிறது. கொன்றவனை வைத்தியர்கள் பாடுபட்டுக் காப்பாற்றுகிறார்கள், தூக்குமேடைக்கு அனுப்புவதற்காக. மூன்றில் எனக்கு அதுதான் பிடிக்கும். கொன்றவனையும் மனிதனாகப் பார்க்கிறது, அவன் செய்ததையும் கொலை என்றே சொல்கிறது. தங்கச்சி வீட்டாரோடு இன்னொரு படம் பார்க்க இருந்தால் அதைத் தேடிப் பாருங்கள்.

ஆங்கிலம் வாசிப்பீர்கள் என்றால் உச்ச நீதிமன்றத் தீர்ப்பையே வாசிக்கலாம். ‘கே.எம். நானாவதி எதிர் மகாராஷ்டிர மாநிலம்’, தீர்ப்புத் தொகுப்பில் ஏ.ஐ.ஆர். 1962 உச்ச நீதிமன்றம் 605 என்று தேடுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தொடக்கத்தில் வரும் சம்பவ விவரத்தை ஆறுதலாக வாசியுங்கள். நடுவில் ஜூரி முடிவை மேல் நீதிமன்றத்துக்கு அனுப்பும் அதிகாரம் பற்றிய நீண்ட பகுதியைத் தாண்டிப் போனாலும் குறையில்லை, அது எங்களைப் போன்ற சட்டத்தரணிகளுக்கானது. கடைசியில் ஆத்திரமூட்டல் பற்றி வரும் பக்கங்களை மட்டும் விட்டுவிட வேண்டாம். சட்டச் சொல் எதுவும் விளங்காவிட்டால் இங்கேயே கேளுங்கள், தமிழில் சொல்கிறேன்.